எசமான் யார்?

ஸ்பிரிங்வெளி மலைச்சாரலிலே கொழுந்து கொய்யும் தொழிலாளிக்கு எசமான் யார்? 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைப் புதிய கம்பனிகளிடம் ஒப்படைத்தது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகையும் எழுதிக் கொடுத்தது. நிலம் அரசினுடையது, ஆள் எடுப்பதும் நிறுத்துவதும், கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுவதும் கம்பனி!

2021இல் சம்பளச் சபை நாட்சம்பளம் 1,000 ரூபா என விதித்ததும் கம்பனிகள் நீதிமன்றப் படியேறின. துரையைக் கேட்டால் கொழும்பைக் காட்டுகிறார். கொழும்புக் கம்பனி அரசைக் காட்டுகிறது. அரசோ கம்பனியைக் காட்டுகிறது. வேலை வாங்கும்போது எல்லோரும் எசமானர். கூலி கேட்கும்போது ஒருவருமில்லை!

வயலைக் குத்தகைக்கு விட்ட உழவர் அறிவர்: குத்தகை கொடுத்தவன் வரம்பை மறப்பதில்லை. அரசு மட்டும் மறக்கலாமோ? வேலையை நிர்ணயிக்கும் கம்பனியும், நிலத்தைக் கொடுத்த அரசும் சேர்ந்தே பொறுப்பேற்றல் வேண்டும். குத்தகைப் பத்திரத்திலேயே அது எழுதப்படுக!