இலவசச் சீட்டு

கைப்பேசியில் 'பிங்கோ' ஆட அழைப்பு வருகிறதா? நம்மூரில் தம்போலா எனப்படும் அதே ஆட்டந்தான்: 1 முதல் 90 வரை எண்கள், சீட்டொன்றில் 15. (பிள்ளைகள் காசின்றி ஆடுவதை இங்குப் பேசவில்லை.)

முதற்சீட்டு இலவசம், வரவேற்புத் தொகையும் உண்டு என்பர். அத்தொகையோ பெரும்பாலும் பன்மடங்கு பந்தயம் கட்டிய பின்னரே கைக்கு வரும். வென்றவர் பெறுவது தோற்றவர்கள் சீட்டுக்குக் கொடுத்த காசு. அதிலும் நடத்துவோர் பங்கு முன்னரே கழிந்துவிடும். திருமறையின் 5ஆம் அத்தியாயம் 90ஆம் வசனம் மதுவோடு சேர்த்து விலக்கிய 'மைசிர்' இதுவன்றி வேறென்ன?

பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க இந்திய நாடாளுமன்றமும் 2025இல் சட்டம் இயற்றியது. பிரிட்டனில் உரிமம் பெற்றே நடத்துகின்றனர். அங்கு வாழும் நம் பிள்ளைகளுக்குச் சட்டம் தந்த அனுமதி, மார்க்கம் தந்ததாகாது.

பிள்ளைகள் எடுத்தாடும் கைப்பேசியில் உங்கள் வங்கிக் கணக்கு இணைந்துள்ளதா என இன்றே பாருங்கள்.