மறுப்பதென்றால் காரணம் சொல்லுங்கள்

ரயில் நிலைய வாயிலில் அட்டையைத் தட்டும்போது கட்டணமும் மீதித் தொகையும் கண்ணில் படவேண்டும்; 2024 ஜனவரியில் சிங்கப்பூர் மக்கள் கேட்டது அவ்வளவுதான். புதிய சிம்ப்ளிகோ கட்டண முறையில் அது தெரியவில்லை. பின்தளத்திலிருந்து தகவல் வந்துசேரச் சில விநாடிகள் ஆகும், வரிசை தேங்கும் என்றது நிலப் போக்குவரத்து ஆணையம். பயணிகள் ஏற்கவில்லை. சிம்ப்ளிகோவுக்கு மாறுவதாக ஜனவரி 9ஆம் தேதி அறிவித்த திட்டத்தை 22ஆம் தேதி அரசாங்கம் கைவிட்டது. பழைய அட்டை முறையைக் குறைந்தது 2030 வரை நீட்டிக்க 40 மில்லியன் வெள்ளி. இரண்டு எண்களைத் திரையில் காட்ட ஒரு நாடு கொடுத்த விலை அது. கொடுத்தது நியாயம்தான்.

அதே வாயிலைக் கடந்து வேலைக்குப் போகும் மென்பொருள் பொறியாளருக்கு மட்டும் இந்த நியாயம் இல்லை. எழுதி முடித்த நிரலைக் கோட் ரிவ்யூவுக்கு அனுப்புகிறார். ‘பர்மிஷன் டினைட்’ என்று ஒரு வரி வந்து விழுகிறது. சாவி தவறா? குழுவில் பெயர் இல்லையா? நிரலின் கிளையே பூட்டிக் கிடக்கிறதா? யாரைக் கேட்பது? ஒன்றும் தெரியாது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் இன்னும் மோசம். உரிமை இல்லாத தனியார் களஞ்சியத்தைத் திறந்தால் 404 காட்டி, அப்படியொன்று இல்லவே இல்லை என்கிறது.

காரணம் சொன்னால் திருடனுக்கு வழிகாட்டியதாகும் என்பது பாதுகாப்புப் பிரிவினரின் வழக்கமான வாதம். சோம்பேறி வாதம். ஊர்பேர் தெரியாதவரிடம் மறைக்கட்டும். நிறுவனக் கணக்கில் நுழைந்து, அடையாளத்தை நிரூபித்துவிட்டு நிற்கும் ஊழியரிடம் எதற்கு மறைப்பது? எந்த உரிமை இல்லையென்று மறுக்கிறதோ, அந்த உரிமை எதுவென்று மறுக்கும் நொடியிலேயே மென்பொருளுக்குத் தெரியும். சிம்ப்ளிகோவுக்காவது சில விநாடி தாமதம் என்ற காரணம் இருந்தது. இங்கே அதுவும் கிடையாது. தெரிந்ததைச் சொல்ல மனமில்லை, அவ்வளவே.

செய்துகாட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆண்ட்ராய்டுக்கான நிரல்களை ஆய்வுசெய்யும் கெரிட், நேரடியாகக் கிளைக்குள் தள்ள முயன்றவரை ‘அனுமதியில்லை’ என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்புவதில்லை. கிளையின் பெயரைச் சொல்லி, அதற்கு ‘புஷ்’ உரிமை வேண்டும் என்கிறது. எந்தக் கணக்கிலிருந்து முயன்றீர்கள் என்று காட்டுகிறது. நிர்வாகியை அணுகச் சொல்கிறது. சில வரிகள்தான். பொறியாளரின் பிற்பகல் மிஞ்சுகிறது.

அரசாங்க அமைப்புகளும் வங்கிகளும் மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிட வேண்டும். இல்லாத உரிமை எது, முயன்ற கணக்கு எது, கேட்க வேண்டியவர் யார் என்ற மூன்றையும் சொல்லாத மென்பொருளுக்கு ஒரு வெள்ளிகூடத் தரக்கூடாது.