பெயர் மறைந்தது, நிறம் மறையவில்லை: மோட்டார் பந்தயமும் புகையிலை விளம்பரமும்

புகைப்பழக்கத்தைக் கைவிட்டுச் சில மாதங்கள் கடந்தவர்கள் புறநோயாளிப் பிரிவில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “கையில் சிகரெட் இல்லை, அருகில் புகைப்பவரும் இல்லை. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஆசை எழுகிறது. என் மனவுறுதி குறைந்துவிட்டதா?” இதற்கு விடை காண, மார்ல்போரோ சிகரெட்டின் உரிமையாளரான பிலிப் மாரிஸ் நிறுவனம் மோட்டார் பந்தயங்களுக்கு வழங்கிய விளம்பர ஆதரவின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

தடையும் மாற்றுவழியும்

பிரிட்டன் 1965-இல் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரங்களை நிறுத்தியது. அமெரிக்காவில் 1971 சனவரி 2 முதல் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அவை தடை செய்யப்பட்டன. எனினும் பந்தயங்களை ஒளிபரப்பத் தடை இல்லை. ஓடும் காரின் மீது எழுதப்பட்ட பெயரும் பந்தயத்துடன் சேர்ந்தே வீடுகளுக்குள் சென்றது.

பிலிப் மாரிஸ் 1972-இல் பி.ஆர்.எம். அணியின் வாயிலாக பார்முலா ஒன் பந்தயத்திற்குள் நுழைந்தது. 1974 முதல் 1996 வரை மெக்லாரன் அணியின் கார்கள் மார்ல்போரோவின் சிவப்பு, வெள்ளை நிறங்களில் ஓடின. ஜேம்ஸ் ஹன்ட், அலென் புரோஸ்ட், அயர்டன் சென்னா ஆகியோர் உலக வாகையர் பட்டம் வென்றது அந்த நிறங்களில்தான். 1997 முதல் பெராரி அணியின் பெயருடனேயே மார்ல்போரோ இணைக்கப்பட்டது.

இதன் பயன் எத்தகையது? 1989-இல் அமெரிக்காவில் மார்ல்போரோவின் பெயரால் நடத்தப்பட்ட ஒரு பந்தயத்தின் ஒளிபரப்பை மருத்துவர் ஆலன் பிளம் ஆராய்ந்தார். 94 நிமிட ஒளிபரப்பில் 46 நிமிடங்கள் அப்பெயரோ சின்னமோ திரையில் தெரிந்தது. மொத்தம் 5,933 முறை. சிகரெட் விளம்பரம் தடை செய்யப்பட்டு 18 ஆண்டுகள் கடந்த பின்னர் இது நிகழ்ந்தது.

பெயரின்றி நிற்கும் விளம்பரம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் நாடுகளின் எல்லை கடந்த புகையிலை விளம்பர ஆதரவு 2005 சூலை இறுதியில் தடைக்குள்ளானது. பிற அணிகள் புகையிலை நிறுவனங்களை விட்டு விலகிய பின்னரும் பெராரி விலகவில்லை. மார்ல்போரோ என்னும் பெயர் இருந்த இடத்தில் பட்டைக்குறியீடு போன்ற கோடுகள் வரையப்பட்டன. விரைந்தோடும் காரில் அக்கோடுகள் சிகரெட் பெட்டியை நினைவூட்டுவதாக மருத்துவர்கள் சுட்டிக்காட்டினர். அது விளம்பரமன்று என்று அணி மறுத்தது; ஆயினும் 2010 மே மாதம் அதனை நீக்கியது. அணியின் பெயரிலிருந்து மார்ல்போரோ 2011-இல் நீக்கப்பட்டது.

2018-இல் ‘மிஷன் வின்னோ’ என்னும் பெயர் பெராரி கார்களில் தோன்றியது. அதுவும் பிலிப் மாரிஸ் நிறுவனத்தின் திட்டமே. அது எந்தப் புகையிலைப் பொருளையும் விற்பதற்கானதன்று என்று நிறுவனம் கூறியது. ஆஸ்திரேலியாவில் எதிர்ப்பு எழுந்ததால் 2019-இல் அங்கு நடந்த பந்தயத்தில் அப்பெயர் பயன்படுத்தப்படவில்லை. 2022-இல் அணியின் பெயரிலிருந்தே அது விலக்கப்பட்டது. இதற்கிடையில், மற்றொரு பெரும் புகையிலை நிறுவனமான பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ 2019-இல் மெக்லாரன் அணியுடன் கைகோத்தது. அதன் மின்-சிகரெட், நிக்கோட்டின் பொட்டலம் ஆகியவற்றின் பெயர்கள் அக்கார்களில் இடம்பெற்றன. பொருள் மாறினும் அதில் உள்ள நிக்கோட்டின் மாறவில்லை.

மூளையில் நிகழ்வது என்ன?

நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை அடைந்து டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. அவ்வேளையில் கண்ட நிறம், கேட்ட ஒலி, இருந்த இடம் யாவும் அந்த இன்ப உணர்வுடன் இணைந்து பதிகின்றன. பின்னர் அவற்றுள் ஒன்றைக் கண்டாலே ஆசை கிளர்ந்தெழக்கூடும். இதனை மருத்துவத்தில் தூண்டுகுறி என்கிறோம். நீண்டகாலம் ஒரே நிறத்தையும் வடிவத்தையும் மீண்டும் மீண்டும் காட்டிய விளம்பரத்துக்குப் பிற்காலத்தில் பெயர் தேவைப்படாததன் காரணம் இதுவே. எனவே திடீரென எழும் ஆசை மனவுறுதியின் குறைவைக் காட்டுவதன்று. அது மூளை கற்றுக்கொண்ட ஒரு பழக்கம்.

பிள்ளைகள் புகைக்கத் தொடங்குமுன்பே இப்பதிவு உருவாகக்கூடும். இங்கிலாந்தில் 12, 13 வயதுச் சிறுவரிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 1997-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. மோட்டார் பந்தயத்தை விரும்பிய சிறுவர்கள் பின்னர் வழக்கமாகப் புகைப்போராக மாறும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று அது காட்டியது.

நம் நாட்டின் நிலை

இந்தியாவின் 2003-ஆம் ஆண்டு புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, புகையிலை விளம்பரத்தையும் விளம்பர ஆதரவு பெற்று அதனைப் பரப்புவதையும் தடை செய்கிறது. மின்-சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவை 2019 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. ஆயினும் வெளிநாட்டுப் பந்தயங்களின் காட்சிகள் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் நம் இல்லங்களுக்குள் வருகின்றன.

நோயாளிகளும் பராமரிப்போரும் செய்ய வேண்டியவை

• எந்தக் காட்சி, எந்த நேரம், எவருடைய நட்பு ஆசையைத் தூண்டுகிறது என்று குறித்து வையுங்கள். தூண்டுகுறியை முன்கூட்டியே அறிந்தவர் அதனைக் கடப்பது எளிது.

• ஆசை எழுந்தால் சில நிமிடங்கள் தாமதியுங்கள். நீர் அருந்துங்கள், எழுந்து நடங்கள். பெரும்பாலும் அதன் வேகம் சில நிமிடங்களிலேயே தணிந்துவிடும்.

• புகைப்பழக்கத்தைக் கைவிட்ட முதல் சில வாரங்களில், பந்தயம் பார்க்கும் வழக்கமுடையோர் தனியே பாராமல் புகைக்காத ஒருவருடன் அமர்ந்து பாருங்கள்.

• பிள்ளைகளுடன் பந்தயம் பார்க்கையில் காரில் உள்ள பெயர்கள் எவருடையவை, ஏன் எழுதப்பட்டுள்ளன என்று விளக்குங்கள். விளையாட்டை வெறுக்கச் செய்ய வேண்டியதில்லை. விளம்பரத்தை இனங்காணக் கற்பித்தால் போதும்.

• ஒரு முறை தவறிப் புகைத்தவரைக் கடிந்து பேசாதீர்கள். மறுநாளே மீண்டும் தொடங்கத் துணைநில்லுங்கள்.

• நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சையும் பிற மருந்துகளும் உள்ளன. இதயநோய், வலிப்பு, மனநலக் குறைபாடு உள்ளோரும் கருவுற்றோரும் மருத்துவரின் ஆலோசனையின்றி இவற்றைப் பயன்படுத்தலாகாது.

புகைப்பதை நிறுத்திய ஓராண்டில் இதய இரத்தக்குழாய் நோய்க்கான கூடுதல் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. நோய் வந்த பின்னர் நிறுத்தினாலும் பயன் உண்டு. உதவிக்கு 1800-11-2356 என்னும் தேசியப் புகையிலை நிறுத்தக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையையும் அணுகலாம்.