பழம்படப் பற்றா, பக்திப் பரவசமா?

எல்லிஸ் டங்கனா, கே. சுப்பிரமணியமா, கிருஷ்ணன்–பஞ்சுவா? சிறந்த இயக்குநர் எவர் என்று இரவெல்லாம் வாதிடுகிறோம். பழைய படங்களின் பெயரைக் கேட்டாலே பூரிக்கிறோம். நன்று! ஆனால், நாம் புகழும் அந்தப் பொற்காலத்துப் படங்களுள் எத்தனை இன்று காணக் கிடைக்கின்றன?

நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ எங்கே? 1931-இல் வந்த ‘காளிதாஸ்’ எங்கே? பெண்ணுக்கு அடுப்படியே உலகம் என்று பழமை முழங்கிய நாளில், 1936-இல் ‘மிஸ் கமலா’வை இயக்கினாரே டி. பி. ராஜலட்சுமி, அந்தப் படம் எங்கே? ஒன்றேனும் நம் கையில் இல்லை!

விதியா விழுங்கிற்று? இல்லை! எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்கள் காப்பாரின்றிக் கிடங்குகளில் மக்கின, எரிந்தன, வெள்ளிக்காக அழிக்கவும் பட்டன. புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றியதே 1964-இல்தான். அப்போது தமிழ்ப் பேசும்படத்துக்கு வயது 33!

நட்சத்திரத்தின் கட்–அவுட்டுக்குப் பாலூற்றக் காசு உண்டு. படச்சுருளைக் காக்கக் காசு இல்லை! இது பற்றா? பக்தியன்றோ! பக்தன் உருவத்தைக் கும்பிடுவான். பகுத்தறிவாளன் சான்றைக் காப்பான். சான்று அழிந்த இடத்திலேதான் கட்டுக்கதை முளைக்கிறது. கட்டுக்கதை வளர்ந்தால் வரலாறு பொய்யாகிறது.

ஆகவே தோழர்களே, பரணில் தூங்கும் பாட்டுப் புத்தகமும் பட விளம்பரத் தாளும் குப்பையல்ல, ஆவணம்! தேடுவோம், படியெடுப்போம், எஞ்சிய சுருள்களைக் காக்குமாறு அரசைக் கேட்போம். போனதைப் பாடிப் பயனென்ன? இருப்பதைக் காப்பதே கடமை!