பழுதுபார்க்கும் உரிமை சட்டமாகட்டும்

நுகர்வு வெறியைக் கண்டிக்கும் பேச்சுகள் பெரும்பாலும் ‘ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரையோடு முடிந்துவிடுகின்றன. வாங்கிய பொருளைப் பழுதுபார்த்துப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ள நினைக்கும் குடும்பத்துக்கும் அந்த வழி அடைபட்டுக் கிடக்கும் நிலையில், பழியை அதன் ஆசையின் மீதே சுமத்துவது நியாயமாகாது.

பொருளின் ஆயுளை உற்பத்தியாளரே வேண்டுமென்று குறைத்து வைப்பதைத் ‘திட்டமிட்ட காலாவதி’ என்பர். 1924-இல் ஜெனீவாவில் பெரும் மின்விளக்கு நிறுவனங்கள் அமைத்த ‘ஃபீபஸ்’ கூட்டமைப்பு, 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்துவந்த குண்டு பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குள் அடக்கியதோடு, அதற்கு மேல் எரியும் பல்பைத் தயாரித்த உறுப்பினருக்கு அபராதமும் விதித்தது. இன்று அத்தகைய உடன்படிக்கைகூடத் தேவைப்படுவதில்லை. மிக்சியின் கப்ளர் தேய்ந்தால் தெருமுனைக் கடைக்காரர் சில நிமிடங்களில் புதியதை மாட்டித் தந்துவிடுகிறார். பேட்டரியைப் பசையால் ஒட்டி மூடிய செல்பேசியை நீட்டினாலோ, அசல் உதிரிபாகம் அவருக்குக் கிடைக்காததால், ‘புதுசு வாங்கிடுங்க’ என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் புதியதை வாங்கவைக்க ‘வட்டியில்லாத் தவணை’ காத்திருக்கிறது. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியும் அந்த விளம்பரம் ஓயவில்லை.

தஞ்சாவூரில் பிறந்து, காந்தியின் கிராமத் தொழில் இயக்கத்தை வார்தாவிலிருந்து நடத்திய ஜே.சி. குமரப்பா, சிறையில் எழுதிய நூலில் ‘நிலைத்த பொருளாதாரம்’ என்ற கருத்தை முன்வைத்தார். நிலக்கரி, கனிமம் போன்று எடுக்க எடுக்கக் குறையும் சேமிப்பைத் தின்று வாழாமல், காடும் வயலும்போல் மீண்டும் விளைவதைக் கொண்டு வாழ்வதே நிலைக்கும் என்பது அதன் சாரம். அந்த அளவுகோலில், மண்ணைத் தோண்டி எடுத்த உலோகத்தை ஓரிரு ஆண்டுகளில் குப்பைக்கு அனுப்பும் ஏற்பாட்டை வளர்ச்சி என்று கூற இயலாது.

புதிய பொருள் விற்காவிட்டால் வேலை போய்விடும் என்ற வாதம் எழக்கூடும். பழுதுபார்ப்பும் வேலைதான். தானியங்கி ஆலையைவிட மனிதக் கைகளை அதிகம் நம்பியிருக்கும் அந்தத் தொழிலின் வருமானம், சென்னை ரிச்சி தெருவிலிருந்து சிற்றூர்க் கடைவீதிவரை உள்ளூரிலேயே தங்குகிறது.

எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கலாம் என்ற மதிப்பெண்ணைச் சில மின்பொருள்களை விற்கும்போது காட்ட வேண்டுமென 2021-இல் பிரான்ஸ் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான நெறிமுறையை நிறைவேற்றியது. இந்தியாவில் 2022-இல் நுகர்வோர் துறை இதற்கென இணையதளம் தொடங்கியது வரவேற்கத்தக்கதே. எனினும், நிறுவனங்களின் நல்லெண்ணத்தை நம்பியிருக்கும் ஏற்பாடு உரிமையாகிவிடாது. விற்பனை நின்ற பின்னும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உதிரிபாகம் நியாய விலையில் கிடைக்கவும், பழுதுநீக்கும் கையேடு வெளிக்கடைக்காரருக்கும் தரப்படவும், மதிப்பெண் பெட்டியின் மீதே அச்சிடப்படவும் ஒன்றிய அரசு சட்டம் இயற்ற வேண்டும். எளிமையாக வாழும்படி மக்களுக்கு உபதேசிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.