பாதையில் கிடப்பதை அகற்றுதல்



எகிப்தின் இஸ்கந்தரிய்யா நகருக்கு மேற்கே சுமார் 100 கிலோமீற்றர் தொலைவில், மத்தியதரைக் கடலோரமாக அல்அலமைன் என்ற ஊர் இருக்கிறது. இரண்டாம் உலக மகா யுத்தம்தான் அதன் பெயரை உலகறியச் செய்தது. வடக்கே கடல், தெற்கே இராணுவ வாகனங்கள் கடக்க முடியாத கத்தாராப் பள்ளம். இடைப்பட்ட பாலை நிலத்தில் ஜேர்மன் தளபதி ரொம்மெலின் படைகளும் பிரித்தானியத் தளபதி மொன்கொமரியின் படைகளும் மோதின.

எரிபொருளும் யுத்த தாங்கிகளும் குறைவாயிருந்த ரொம்மெல், மண்ணுக்கடியில் வெடிகளைப் புதைத்துத் தன் அணியைக் காக்க முனைந்தார். ஏறத்தாழ 5 இலட்சம் வெடிகள் புதைக்கப்பட்டன. அந்நிலங்களுக்கு 'ஷைத்தானின் தோட்டங்கள்' என்றே பெயர் வழங்கிற்று. பிரித்தானியரும் தம் பங்குக்குப் புதைத்தனர். 1942 ஒக்டோபர் 23 இரவு தொடங்கிய பெரும் சமர், நவம்பர் 4ஆம் திகதி ரொம்மெல் பின்வாங்கியதோடு முடிவுக்கு வந்தது. 1943 மே மாதத்தில் வட ஆபிரிக்காவிலேயே யுத்தம் ஓய்ந்தது. தளபதிகள் போய்விட்டார்கள், வெடிகள் போகவில்லை.

அப்பாலையில் ஆடு மேய்த்து, வாற்கோதுமையும் அத்தியும் பயிரிட்டு வாழ்பவர்கள் அவ்லாத் அலீ கோத்திரத்து முஸ்லிம்கள். அந்த யுத்தம் அவர்களுடையதல்ல. ஆயினும் பல தசாப்தங்களாக உயிரையும் கால்களையும் இழந்தவர்கள் அவர்களே. மேற்குப் பாலையில் எஞ்சிய வெடிகளும் வெடிக்காத குண்டுகளும் சுமார் 1 கோடி 70 இலட்சம் என எகிப்திய அரசு கூறிவந்தது.

ஷாம் நோக்கிப் புறப்பட்ட படைக்கு அபூபக்ர் (ரழி) அவர்கள் வழங்கிய கட்டளைகளை நாம் அறிவோம். பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லக்கூடாது. கனி தரும் மரத்தை வெட்டக்கூடாது. ஆளைப் பார்த்து வாளை நிறுத்தும்படி ஒரு வீரனுக்குச் சொல்லலாம். மிதிவெடிக்கு யார் சொல்வது? அதற்குச் சிப்பாயின் காலும் சிறுவனின் காலும் ஒன்றுதான்.

இது எங்கோ நடந்த கதையல்ல, சகோதரிகளே. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்கள், 2009இல் யுத்தம் முடிந்த பின் மன்னாருக்குத் திரும்பியபோது, மிதிவெடி அகற்றப்படும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வடக்கில் அந்த வேலையைச் செய்தவர்களுள் யுத்தத்தில் கணவனை இழந்த பெண்களும் இருந்தார்கள். கொளுத்தும் வெயிலில் முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி, முன்பின் அறியாத ஒருவரின் பிள்ளை நடப்பதற்காகப் பாதையைத் துப்புரவாக்கினார்கள். மிதிவெடிகளைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கையில் 2017ஆம் ஆண்டு நமது நாடும் இணைந்தது.

ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டென்றும், பாதையில் நோவினை தருவதை அகற்றுவதும் அவற்றுள் ஒன்றென்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அதை மிகச் சிறிய கிளை என்று படித்துவிட்டு நாம் கடந்து போகிறோம். சிறியதை விட்டால் என்னவாகும் என்பதற்கு அல்அலமைன் சாட்சி.

எனவே, உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு விடயங்களைப் பழக்குங்கள். காட்டிலோ வளவிலோ இனந்தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பிப் பெரியவர்களிடம் சொல்லட்டும். ஒழுங்கையில் கிடக்கும் முள்ளையோ கண்ணாடித் துண்டையோ கண்டால், அடுத்து வருபவரை நினைத்து அப்புறப்படுத்தட்டும்.

நாம் போன பின்னும் பிறரை வருத்தும் எதையும் விட்டுச் செல்லாதவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.