ஐந்து பாஷைக்கு ஒரே சட்டை!

இப்போது வெளிவரும் பெரிய சினிமாக்களுக்குப் "பான் இந்தியா" என்று ஒரு பட்டம் சூட்டப்பட்டிருக்கிறது. ஒரே பாட்டு தெலுங்கு, தமிழ், இந்தி, கன்னடம், மலையாளம் என ஐந்து பாஷைகளில் விற்பனைக்கு வருகிறது. மெட்டு ஒன்று, ஆட்டம் ஒன்று, வாயசைப்பும் ஒன்று. மாறுவது வார்த்தை மாத்திரந்தான். அதுவும் அர்த்தத்தை முன்னிட்டு மாறுகிறதா? இல்லை. நடிகர் வாய் திறக்கும் இடத்தில் ஒரு "ஆ"வும், மூடும் இடத்தில் ஒரு "ம்"மும் விழுந்தால் போதும் என்பதாகவே காரியம் நடக்கிறது. ஒருவன் அளவுக்குத் தைத்த சட்டையை ஐந்து பேருக்கு மாட்டிவிட்டு, ஐவருக்கும் பொருந்துகிறது என்று சாதிக்கும் தையற்காரனுக்கு எந்தக் கிராமத்தானாவது கூலி கொடுப்பானா என்று கேட்கிறோம்.

1931-ம் வருஷத்தில் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய "காளிதா"ஸிலும் தமிழும் தெலுங்கும் கலந்துதான் ஒலித்தன. அன்று படம் பேசுவதே அதிசயம். ஆகையால் அந்தக் கதம்பத்தை ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். இன்று கோடிக்கணக்கில் பணம் கொட்டிய பிறகும் கதம்பந்தானா?

"சங்கீதத்துக்குப் பாஷை ஏது?" என்று சிலர் சொல்லலாம். அப்படியானால் வார்த்தைதான் எதற்கு? தந்தனா போட்டு நிறுத்திவிடலாமே! 2023-ம் வருஷத்தில் ஆஸ்கார் பரிசு பெற்ற ஆர்.ஆர்.ஆர். படத்துப் பாட்டு எது? சந்திரபோஸ் தெலுங்கிலே எழுதி, கீரவாணி மெட்டமைத்த "நாட்டு நாட்டு" அல்லவா? பரிசளித்த மேடையிலும் தெலுங்கிலேயே பாடினார்கள். தன் மண்ணின் பேச்சில் பிறந்த பாட்டு, பேர் மாற்றிக்கொள்ளாமலே கடல் தாண்டும் என்பதற்கு இதைவிட ருஜு வேண்டுமா?

இது நிற்க. 2021-ல் வந்த "புஷ்பா"வின் பெயர்போன ஆட்டப்பாட்டை எடுத்துக்கொள்வோம். சேலை கட்டினாலும் கவுன் போட்டாலும் ஆண்களின் கண் ஒன்றுதான் என்று வார்த்தை ஆணைக் கண்டிக்கிறது. மெத்தச் சரி. ஆனால் காமிரா என்ன செய்கிறது? கண்டிக்கப்பட்ட அதே கண்ணாக மாறி, அந்தப் பெண்ணை அங்கம் அங்கமாகக் காட்டிக் காசு வாங்குகிறது. ஆணுக்குப் புத்தி சொல்லுவது போல் வேஷம், ஆணுக்கே விருந்து! ஐந்து பாஷையிலும் ஐந்து பெண்களைப் பாட வைத்துச் செய்த இந்தப் பித்தலாட்டத்தைக் கேட்பாரில்லை. ஆண்கள் சங்கத்தார் சிலரோ, ஆண்களுக்கு அவமானம் வந்துவிட்டதென்று புகார் கொண்டு ஓடினார்கள்!

"ஜனங்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம்" என்பது முதலாளிகளின் சமாதானம். கள்ளுக்கடைக்காரனும் அதைத்தானே சொன்னான்?

நாம் மெட்டுக்கோ மொழிபெயர்ப்புக்கோ விரோதிகளல்ல. பாட்டெழுதுகிறவரை வாயசைப்புக்கு எழுத்து நிரப்பும் கூலியாக்குவதைத்தான் கண்டிக்கிறோம். படக்கொட்டகைக்கு வெளியே பாட்டினால் வரும் ராயல்டியில் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் சமபங்குண்டு என்று 2012-ம் வருஷத்திலேயே பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டாயிற்று. சட்டம் கொடுத்த மதிப்பை எழுத்துக்குப் படக்காரர்கள் கொடுக்க வேண்டாமா?

இதெல்லாம் பொழுதுபோக்குச் சங்கதி என்று எண்ணிவிடாதீர்கள். பள்ளிக்கூடத்து வாசலை மிதியாத ஏழைக்குப் பாட்டுத்தான் பாடப் புத்தகம். நாமும் கேட்டுக் கேட்டு நாலு வார்த்தை கற்றவர்கள்தாம். அந்தப் புத்தகத்தில் உளறலையும், பெண்ணிழிவையும், கதாநாயகனைக் கடவுளாக்கும் துதியையும் அச்சடித்தால் நாளைய பிள்ளை எதைக் கற்கும்?

ஆகவே தோழர்களே! இனி ஒரு புதுப் பாட்டு வந்தால், மெட்டைத் தள்ளிவிட்டு வார்த்தையை மாத்திரம் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அர்த்தமிருந்தால் தாராளமாய்ப் பாராட்டுங்கள். இழிவிருந்தால் பலர் அறியக் கண்டியுங்கள். இரண்டுமில்லாத வெற்று உளறலாயிருந்தால் உங்கள் காசு உங்கள் மடியிலேயே இருக்கட்டும்!